விழும் நீரும் எரியும் விளக்கும்



சற்று முன்பு நீங்கள் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகியிருப்பீர்கள். அல்லது கைப்பேசியின் முகத்தை விரலால் தொட்டிருப்பீர்கள். உடனே என் குரல் உங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்கத் தொடங்கிவிட்டது. இதற்குள் எத்தனை மாற்றங்கள் நடந்தேறிவிட்டன என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? என் தொண்டையிலிருந்து புறப்பட்ட காற்றின் அதிர்வு ஒலிவாங்கியில் மின்சாரமாயிற்று. அந்த மின்சாரம் ஒலிபரப்பு நிலையத்தில் மின் அலையாக மாறி வானில் ஏறிற்று. உங்கள் பெட்டி அந்த அலையைப் பிடித்து மீண்டும் மின்சாரமாக்கி, அம்மின்சாரத்தால் ஒரு காகிதக் கூம்பை அதிர வைத்து, அதை மறுபடியும் காற்றின் அதிர்வாக்கித் தந்தது. சாதாரணமாகப் பேசும் மனிதனுடைய குரலின் வலிமை ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவினதே. அவ்வளவு மெலிந்த ஒன்று இத்தனை வேஷங்கள் புனைந்து உங்களை வந்தடைகிறது. சக்தி வேஷம் மாறும் இந்த விந்தையைப் பற்றித்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வாழும் ஊர் ஆனேக்கல். பெங்களூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய ஊர். ஓசூர் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. கடைத்தெருவில் சிறிது நேரம் நின்றால் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது ஆகிய நான்கு மொழிகளும் காதில் விழும். சுற்றிலும் ஜிகணி, பொம்மசந்திரா, அத்திபெலே என்று தொழிற்பேட்டைகள் பெருகிவிட்டன. ஆயினும் ஆனேக்கலுக்குப் பழைய பெருமை பட்டு நெசவினால் வந்தது. இன்றும் சில தெருக்களில் தறியின் ஓசை கேட்கிறது.

அவ்வாறான ஒரு தெருவில் எனக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதை நெருங்கியவர். அவருடைய பாட்டனார் சேலம் பக்கத்திலிருந்து வந்தவராம். அவர் வீட்டில் குழித்தறி. எதிர் வீட்டில் விசைத்தறி. ஒருநாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் கேட்டார்:

"தம்பி, நீங்கள் படித்தவர். ஒன்று கேட்கிறேன், சொல்லுங்கள். நான் காலால் மிதிக்கிறேன், கையால் நாடாவை ஓட்டுகிறேன். அந்த மோட்டாரும் அதே வேலையைத்தானே செய்கிறது? என்னுடைய ஒரு நாள் உழைப்பு அந்த மின்சாரக் கணக்கில் எவ்வளவு பெறும்?"

நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. "கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன், ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கணக்கைத்தான் இப்பொழுது உங்கள் முன் போட்டுக் காட்டப் போகிறேன்.

முதலில் சக்தி என்றால் என்ன என்பதைத் தெளிந்துகொள்வோம். வேலை செய்வதற்கு எது தகுதி தருகிறதோ அதுவே சக்தி. ஒரு பொருளைத் தூக்குவது, தள்ளுவது, சூடாக்குவது, ஒளிரச் செய்வது எல்லாம் வேலைதான். உங்கள் வீட்டில் ஒரு காலைப் பொழுதை மட்டும் நினைத்துப் பாருங்கள். தீக்குச்சியின் தலையில் ரசாயன சக்தி உறங்குகிறது. உரசியவுடன் அது உஷ்ணமும் ஒளியும் ஆகிறது. அடுப்பில் எரியும் வாயுவின் ரசாயன சக்தி உஷ்ணமாகிறது. அவ்வுஷ்ணம் குக்கருக்குள்ளிருக்கும் நீரை ஆவியாக்குகிறது. ஆவி தன் தலைமேல் இருக்கும் குண்டைத் தூக்கிச் சீட்டி அடிக்கிறது. இங்கே உஷ்ணம் இயக்கமாகவும் ஒலியாகவும் மாறிவிட்டது. கிரைண்டரில் மின்சக்தி கல்லின் சுழற்சியாகிறது. மின்விசிறியிலும் அவ்வாறே. சலவைப் பெட்டியில் மின்சாரம் உஷ்ணமாகிறது. கைப்பேசியை மின்னிணைப்பில் வைத்தால் மின்சாரம் ரசாயன சக்தியாகி அதன் மின்கலத்தில் சேர்கிறது. பேசும்போது அந்த ரசாயன சக்தி திரும்பவும் மின்சாரமாகிறது. பள்ளிக்கூடம் செல்லும் குழந்தை மாடிப்படியில் ஏறும்போது, அது உண்ட இட்லியின் ரசாயன சக்தி அதன் உடலை உயர்த்தும் சக்தியாகிறது.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. அதைக் கண்டு நிறுவியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தருகே பிறந்த ஜேம்ஸ் ஜூல். 1840-களில் அவர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார. ஒரு பாத்திரத்தில் நீரை நிரப்பி, அதனுள் துடுப்புச் சக்கரம் ஒன்றை வைத்தார். மேலிருந்து கீழே இறங்கும் எடைகளைக் கயிற்றினால் அச்சக்கரத்துடன் பிணைத்தார். எடைகள் இறங்க இறங்கத் துடுப்பு நீரைக் கலக்கியது. நீர் மிகச் சிறிதளவு சூடேறியது. எடை இறங்கியதனால் குறைந்த சக்தியும், நீரில் ஏறிய உஷ்ணமும் எப்பொழுதும் ஒரே விகிதத்தில் இருக்கக் கண்டார். இதனால் விளங்குவது யாது? சக்தியை ஒருவரும் ஆக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றலாம். மொத்தக் கையிருப்பு மாறாது. அந்தப் பெரியாரின் நினைவாகவே சக்தியின் அளவைக்கு இன்று 'ஜூல்' என்று பெயர் வழங்குகிறது.

ஜூல் எடைகளை இறக்கினார். இயற்கையோ நீரை இறக்குகிறது. ஆனேக்கலுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் முத்யாலமடுவு என்றோர் இடம் உண்டு; முத்துப் பள்ளத்தாக்கு என்று பொருள். மழைக்காலத்தில் அங்கே பாறையின் உச்சியிலிருந்து நீர் முத்து முத்தாகச் சிதறி விழும். விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் சென்று பார்ப்பவர் பலர். மேலே நிற்கும் நீரிடத்தில் உயரத்தினால் வந்த நிலைச்சக்தி இருக்கிறது. விழும்போது அது வேகமாகிறது, அதாவது இயக்கச்சக்தியாகிறது. கீழே பாறையில் மோதும்போது ஓசையாகிறது; ஓசையும் அடங்கியபின் எஞ்சுவது சிறிதளவு உஷ்ணமே. நம் கண்ணுக்கு அழகையும் காதுக்கு இன்பத்தையும் தந்துவிட்டு அந்தச் சக்தி அமைதியாகக் கரைந்துபோகிறது.

விழும் நீரை வீணாகக் கரையவிடாமல் வேலை வாங்கினால் என்ன? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் பெரிய அளவில் விடை கண்ட இடங்களுள் முதன்மையானது ஆனேக்கலுக்குத் தென்மேற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது. சிவனசமுத்திரம் என்னும் அவ்விடத்தில் காவிரி இரண்டு கிளைகளாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்ற அருவிகளாக வீழ்கிறது. நீர்மின் திட்டத்துக்கு அங்கே கிடைத்த வீழ்ச்சியின் உயரம் ஏறத்தாழ 400 அடி. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயர் அத்திட்டத்துக்குத் துணை நின்றார். அவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் திட்டத்தை வகுத்து நடத்தினார். 1902-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் மின்சாரம் ஓடத் தொடங்கிற்று. 1901-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்ட சேஷாத்ரி ஐயர் அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த மின்சாரம் முதன்முதலில் எங்கே சென்றது தெரியுமா? அரண்மனைக்கும் செல்லவில்லை, ஊர்த் தெருக்களுக்கும் செல்லவில்லை. ஏறத்தாழ 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்க வயலுக்குச் சென்றது. அக்காலத்தில் உலகத்திலேயே மிக நீண்ட மின் தொடர்களுள் அது ஒன்று. அதுவரை விறகையும் நிலக்கரியையும் எரித்து நீராவியினால் ஓட்டிவந்த இயந்திரங்களைக் காவிரியின் வீழ்ச்சி ஓட்டத் தொடங்கியது. பாறையை இடித்துத் தூளாக்கும் இயந்திரங்களும், காற்றை அழுத்திச் செலுத்தும் இயந்திரங்களும் மின்சாரத்தால் உயிர் பெற்றன.

கோலார் தங்க வயல் என்றதும் உங்களில் பலருக்கு நெஞ்சில் ஒரு நினைவு தட்டும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்களே அச்சுரங்கத்தில் பெருந்தொகையினராக உழைத்தனர். இன்று பெங்களூரிலோ மும்பையிலோ இருந்து இப்பேச்சைக் கேட்கும் நேயர் ஒருவரின் பாட்டனார் அங்கே பாறை உடைத்தவராக இருக்கலாம். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். பூமியின் உள்வெப்பமும் ஒரு சக்திதான். ஆனால் அங்கே அது உழைப்பவனின் உடலை வாட்டும் பகையாக நின்றது. குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்புவதற்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு டன் கல்லைத் தூக்க, இழப்பு ஏதும் இல்லையென்று கொண்டாலும், 8 யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு டன் கல்லில் கிடைக்கும் பொன்னோ சில கிராம்களே. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அச்சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் ஒரு நகையைப் பார்க்கும்போது அதற்குள் எத்தனை அருவிகளின் வீழ்ச்சியும், எத்தனை மனிதரின் வேர்வையும் அடங்கியிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ஆம் ஆண்டில்தான். சக்தி முதலில் பொன்னைத் தேடிப் போயிற்று. பிறகே நகரத்துக்கு ஒளி தந்தது. மின்கம்பிகளின் கீழே வாழ்ந்த சிற்றூர்களுக்கு விளக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. மும்பையில் வாழும் நேயர்களுக்கும் இதுபோன்றதொரு கதை உண்டு. 1915-ஆம் ஆண்டில் கோப்போலியில் எழுந்த டாட்டா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் அந்நகரத்துப் பஞ்சாலைகளை ஓட்டிற்று.

அவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தை எப்படிக் கொண்டுசென்றார்கள் என்று கேட்கலாம். கம்பியில் மின்னோட்டம் செல்லும்போது கம்பி சூடேறும்; அச்சூடு நமக்கு நஷ்டம். மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் அந்த நஷ்டம் நூற்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதே அளவு சக்தியைச் செலுத்த வேண்டுமானால், மின்னோட்டத்தைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தை அதற்குத் தக உயர்த்த வேண்டும். இதனாலேயே புறப்படும் இடத்தில் அழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி, சேரும் இடத்தில் மீண்டும் குறைத்துக்கொள்கிறார்கள். தெருமுனையில் கம்பத்தின் மேல் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மர் செய்கிற வேலை இதுதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். மின்நிலையத்தின் சக்கரத்தைச் சுழற்றிய நீர் எங்கே போகிறது? எங்கும் போய்விடவில்லை; திரும்பவும் ஆற்றிலேயே சேர்கிறது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது அதன் உயரத்தை மட்டுமே. ஒரு சொட்டு நீரையும் சக்கரம் குடிப்பதில்லை. காவிரி நீரைப் பங்கிடுவது பற்றிய வழக்குகள் தனி. அவற்றை இங்கே பேச வரவில்லை. ஆனால் சிவனசமுத்திரத்தில் சக்கரம் சுழற்றிய அதே காவிரி, தமிழ்நாட்டுக்குள் புகுந்து, 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் தங்கி, அங்கும் விழுந்து விளக்கேற்றிவிட்டே தஞ்சை வயல்களுக்குச் செல்கிறது. குடகு மலையில் 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பிறக்கும் அவ்வாற்றை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றி வைத்தது யார்? கதிரவன்தான். கடல் நீரை ஆவியாக்கி, மேகமாக்கி, மலைமேல் பொழிவித்தவன் அவன். ஆகவே சிவனசமுத்திரத்து மின்சாரம் வேஷம் மாறிய வெயிலே ஆகும்.

இனி நெசவாளரின் கணக்குக்கு வருவோம். மின்சாரக் கட்டணச் சீட்டில் 'யூனிட்' என்று ஒன்று எழுதியிருக்கும். 1,000 வாட் கருவி ஒன்று 1 மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சக்தியே ஒரு யூனிட். ஜூல் கணக்கில் அது 36 லட்சம். இந்த எண்ணை மனத்தில் வாங்கிக்கொள்வது கடினம். வேறு விதமாகச் சொல்கிறேன். 1 லிட்டர் நீர் 400 அடி விழுந்தால் ஏறத்தாழ 1,200 ஜூல் சக்தி கிடைக்கும். ஆதலால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் குறைந்தது 3,000 லிட்டர் நீர் சிவனசமுத்திரத்தில் விழவேண்டும். இயந்திரங்களிலும் கம்பிகளிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் அதிகம்.

உடல் வலிமையுள்ள ஒரு மனிதர் நாள் முழுவதும் இடைவிடாது உழைத்தால் சராசரியாக 75 வாட் அளவுக்கு வேலை செய்யலாம். அவ்வாறு 8 மணி நேரம் உழைத்தால் கிடைப்பது 600 வாட்-மணி. அதாவது முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. இவ்வேலைக்காக அவர் உண்ணும் உணவில் ஏறக்குறைய இரண்டரை யூனிட் சக்தி இருக்கிறது. தசைகள் அதில் நாலில் ஒரு பங்கையே வேலையாக்க வல்லவை. மற்றது உடலின் சூடாகிவிடுகிறது. எதிர்வீட்டு விசைத்தறியில் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகவே அது 8 மணி நேரத்தில் சுமார் 3 யூனிட் வேலை செய்துவிடும். அலுப்பதும் இல்லை, மூட்டு வலிப்பதும் இல்லை.

எனவே உடல் விசையை மட்டும் தராசில் வைத்தால், பெரியவரின் ஒரு நாள் உழைப்பு வீட்டுக் கட்டணத்தில் ஒரு யூனிட்டுக்கு நாம் கொடுக்கும் சில ரூபாய்களைக்கூட எட்டாது. இதை அவரிடம் எவ்வாறு சொல்வது? பல நாட்கள் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

சக்தியின் அளவு மாறுவதில்லை என்று சொன்னேன். அளவு மாறாவிட்டாலும் தரம் மாறும். இது இரண்டாவது விதி. பாலைத் தயிராக்கலாம், தயிரை மீண்டும் பாலாக்க முடியாது. மின்சாரம் பாலைப் போன்றது. அதை ஒளியாக்கலாம், சுழற்சியாக்கலாம், குரலாக்கலாம், குளிராகவும் பயன்படுத்தலாம். ஆனால் எந்த வேஷம் புனைந்தாலும் இறுதியில் அது இளஞ்சூடாகவே முடிகிறது. மின்விசிறி சுழற்றிய காற்று அடங்கும்போது அறையில் சிறிது சூடாகிறது. விளக்கின் ஒளி சுவரில் பட்டுச் சூடாகிறது. மிக்சியில் அரைத்த மாவைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். மெதுவாகச் சுழலும் கிரைண்டரில் அவ்வளவு சூடு ஏறாது. இட்லிக்கு அந்த மாவே நல்லது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதன் காரணம் இதுவே. இவ்வாறு பரவிக் கிடக்கும் இளஞ்சூட்டைத் திரட்டி, மீண்டும் முழுவதும் மின்சாரமாக்க எந்த வித்தையும் இல்லை. நிலக்கரியை எரித்து மின்சாரம் செய்யும் நிலையங்களில் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மீதி குளிர்விக்கும் நீரோடும் புகையோடும் போய்விடுகிறது.

இதை உணர்ந்தால் வீட்டில் எங்கே சிக்கனம் வேண்டும் என்பது தானே விளங்கும். பழைய 60 வாட் இழை விளக்கு தான் குடித்த மின்சாரத்தில் மிகச் சிறு பகுதியையே ஒளியாக்கிற்று, பெரும்பகுதி சூடாயிற்று. இன்றைய 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறக்குறைய அதே ஒளியைத் தருகிறது. தினம் 5 மணி நேரம் எரித்தால் பழைய விளக்குக்கு மாதம் 9 யூனிட். புதிய விளக்குக்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது. கைப்பேசியைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். ஒரு யூனிட்டில் அதை ஏறத்தாழ 40 முறை நிரப்பிவிடலாம். ஆனால் குளியலறையில் 2,000 வாட் வெந்நீர்க் கருவி அரை மணி ஓடினால் ஒரு யூனிட் போய்விடும். 3,000 லிட்டர் காவிரி நீர் 400 அடி விழுந்து பெற்ற உயர்ந்த சக்தியை, இரண்டு வாளி நீரை வெதுவெதுப்பாக்கச் செலவிடுகிறோம். நெய்து முடித்த பட்டுப் புடவையால் அடுப்பங்கரையைத் துடைப்பது போன்றது இது. இளஞ்சூடு வேண்டுமானால் அதைத் தருவதற்குக் கதிரவன் கூரையின் மேல் காத்திருக்கிறான். பெங்களூர்ப் பகுதியில் வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் கதிரவன் வெந்நீர்க் கலங்களைக் காணலாம். வெயிலை நேராகச் சூடாக்குவதற்கு அருவியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

இன்று மின்சாரம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று சொல்வதும் அரிதாகிவிட்டது. 2013-ஆம் ஆண்டின் கடைசி நாளில் தென்னாட்டு மின் தொடர் வடநாட்டுத் தொடரோடு இணைக்கப்பட்டு, நாடு முழுவதும் ஒரே தொடராயிற்று. துமகூரு மாவட்டத்துப் பாவகடாவின் கதிரவன் மின்பூங்கா, முப்பந்தல் கணவாயின் காற்றாலைகள், கூடங்குளத்தின் அணு உலைகள், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி எல்லாம் ஒரே குளத்தில் ஊற்றப்பட்ட நீர்போல ஒன்று கலக்கின்றன. ஆனேக்கலில் என் மேஜையின் மேல் எரியும் விளக்கில் கன்னட நாட்டு வெயில் எவ்வளவு, தமிழ்நாட்டுக் காற்று எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பிறந்த மாநிலத்தை விட்டுப் பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் வாழும் நம் போன்றோருக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

சென்ற மாதம் துணிவு கொண்டு பெரியவரின் வீட்டுக்குச் சென்றேன். கணக்கை மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிது நேரம் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் என் கால் செய்கிற வேலைக்கு மூன்று, நான்கு ரூபாய்கூடப் பெறாது என்கிறீர்கள்" என்றார்.

"காலுக்கு அவ்வளவுதான், ஐயா. ஆனால் அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிறீர்களே, கரையும் உடலும் சேரும் இடத்தில் நிறம் பிசகாமல் பார்த்துக்கொள்கிறீர்களே, அந்த வேலைக்கு மின்சாரம் எத்தனை யூனிட் கேட்கும் என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்கு யூனிட் இல்லை. அது சக்தியின் கணக்கில் வராது. அறிவின் கணக்கில் வருவது."

அவர் புன்னகை செய்தார். பிறகு ஒன்று சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தம்பி, முழங்கால் வலிக்கிறது. மிதிக்கிற வேலையை மட்டும் மோட்டார் செய்யட்டும். பார்க்கிற வேலையை நான் செய்கிறேன். அப்படி ஒரு தறி இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்."

நான் பல நாள் கணக்குப் போட்டுத் தேடியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். 1902-ஆம் ஆண்டில் காவிரியின் வீழ்ச்சி தங்க வயலுக்குச் சென்றபோது மனிதன் அதனிடம் கேட்டதும் அடிப்படையில் இதுதான்: பாரத்தை நீ சுமந்துகொள், பார்வையை நான் வைத்துக்கொள்கிறேன். பாரம் மட்டும் போய், பார்வைக்கு உரிய கூலியும் மதிப்பும் நிலைக்குமானால் இயந்திரம் நமக்குத் தோழன். பாரத்தோடு பிழைப்பும் போகுமானால் குற்றம் மின்சாரத்தினுடையது அன்று; அதைப் பங்கிட்டுக்கொண்ட நம்முடையது. பெரியவர் கேட்ட தறிக்காக இப்பொழுது நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். காலின் வேலையை மோட்டாருக்கு விட்டு, கையின் வேலையை நெசவாளரிடமே வைத்த தறியாக அது இருக்கவேண்டும்.

நேயர்களே, இன்றிரவு விளக்கை அணைக்கும்போது ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விரலின் கீழே இருப்பது ஒரு சிறு பொத்தான். அதன் மறு நுனியில் ஓர் அருவி விழுகிறது. அல்லது ஒரு காற்றாலை சுழல்கிறது. அல்லது யாரோ ஒருவர் வெட்டியெடுத்த நிலக்கரி எரிகிறது. ஒரு யூனிட்டை நீங்கள் மிச்சப்படுத்தினால், ஒரு மனிதரின் ஒரு நாள் உடலுழைப்புக்கும் மேலானதை மிச்சப்படுத்துகிறீர்கள்.

என் குரலும் இப்பொழுது உங்கள் அறையின் காற்றில் அதிர்ந்து, சுவரில் பட்டு, மிகச் சிறிய இளஞ்சூடாக அடங்கப் போகிறது. சக்தி அவ்வளவோடு முடிந்துவிடும். சொன்ன பொருள் மட்டும் உங்கள் நினைவில் தங்குமானால் அதுவே எனக்குப் போதும்.

வணக்கம்.